கழுவி ஊற்றிய நீரில்

1967 ஜூலையில் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. செய்தவர் தாமஸ் ஸ்டார்சல். நான்கு ஆண்டுகளுக்கு முன், 1963 மார்ச் 1 அன்று, உலகிலேயே முதன்முதலாக மனிதருக்குக் கல்லீரல் மாற்ற முயன்றவரும் அவர்தான். அன்று மூன்று வயதுச் சிறுவன் ரத்தப்போக்கு நிற்காமல் மேசையிலேயே இறந்துபோனான். அந்த ஆண்டு அடுத்தடுத்து அறுவை செய்துகொண்டவர்களில் ஒருவர்கூட ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. அறுவையை நிறுத்திவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய ஸ்டார்சல், மீண்டும் துணிந்தபோது பிழைத்த குழந்தை இது. மாற்றுக் கல்லீரலோடு ஓர் ஆண்டைக் கடந்த முதல் மனித உயிர்.

நானூறு நாட்கள் இருந்தாள். அவளைக் கொண்டுபோனது உறுப்பு நிராகரிப்பு அல்ல, புற்றுநோய். அவளுக்குக் கல்லீரல் மாற்ற வேண்டியிருந்ததே கல்லீரலில் புற்று இருந்ததால்தான். புற்றோடு சேர்த்து முழுக் கல்லீரலையும் எடுத்தாயிற்று. ஆனால் எடுப்பதற்கு முன்பே அதிலிருந்து கிளம்பிப்போன செல்கள் உடலில் வேறெங்கோ தங்கியிருந்தன.

கல்லீரல் மாற்று அறுவையின் முதல் வெற்றிக் கதை புற்று திரும்பி வந்த கதையாகவும் இருக்கிறது. பெரும்பாலான நூல்கள் வெற்றியைச் சொல்லி நகர்ந்துவிடுகின்றன. அந்தக் குழந்தையின் கடைசி மாதங்கள் கேட்ட கேள்வியை மருத்துவம் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களைப் பற்றியது இந்த அத்தியாயம்.

கல்லீரல் புற்றுக்குக் கல்லீரலையே மாற்றுவது, தர்க்கத்தில் பார்த்தால் மிகச் சிறந்த சிகிச்சை. இந்தப் புற்று பெரும்பாலும் நல்ல கல்லீரலில் முளைப்பதில்லை. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களோ மதுவோ கொழுப்போ ஆண்டுக்கணக்கில் அரித்து, தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில்தான் முளைக்கிறது. சிரோசிஸ் என்பார்கள். கட்டியை மட்டும் வெட்டினால் அதே கெட்ட மண்ணில் அடுத்த கட்டி வரும். மாற்று அறுவையில் செடியும் போகிறது, மண்ணும் போகிறது.

ஆனால் விதை ஏற்கெனவே காற்றில் பறந்திருந்தால்? யாருக்குப் பறந்திருக்காது என்று முன்கூட்டியே கணிக்க ஒரு வழியைச் சொன்னவர் இத்தாலியின் மிலன் நகரத்து மருத்துவர் வின்சென்சோ மட்சாஃபெரோ. ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். ரத்தக்குழாய்க்குள் புற்று நுழைந்திருக்கக் கூடாது. இப்படிப் பொறுக்கி எடுத்த 48 பேரில் நான்கு ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 75 பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 1996-ல் அவர் குழு எழுதியது. அதுவரை நம்பிக்கையற்றுக் கிடந்த துறைக்கு அது பெரிய வெளிச்சம். உலகம் முழுக்க இன்றும் இதற்கு மிலன் அளவுகோல் என்றே பெயர்.

இந்த அளவுகோலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கட்டி ஆறு சென்டிமீட்டர் இருப்பவருக்கு அது மூடிய கதவு. உள்ளே அனுமதித்தவர்களிலும் நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்குப் புற்று திரும்புகிறது. திரும்பிய பிறகு கையில் இருக்கும் ஆயுதங்கள் மிகக் குறைவு. அதற்குக் காரணம் மாற்று உறுப்பைக் காக்கத் தரும் மருந்துகள்.

உடல் அந்நிய உறுப்பைத் தாக்காமலிருக்க நோயெதிர்ப்பை அடக்கிவைக்கிறோம். அதே நோயெதிர்ப்புதான் நாளும் முளைக்கும் புற்றுச் செல்களைக் கிள்ளி எறிவதும். இது வெறும் கொள்கை அல்ல என்பதை 1968-ல் பாஸ்டன் மருத்துவர்கள் எழுதிய ஒரு நோயாளியின் கதை நேரடியாகக் காட்டியது. எழுதியவர்களில் ஒருவர், உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றை 1954-ல் செய்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜோசஃப் மரே. கொடையாளருக்குப் புற்று இருந்தது தெரியாமல் அவருடைய சிறுநீரகத்தைப் பொருத்தியிருந்தார்கள். புற்று புதியவர் உடலில் வளர்ந்தது. அடக்கி மருந்துகளை நிறுத்தினார்கள். உடல் விழித்துக்கொண்டு சிறுநீரகத்தோடு சேர்த்து அந்தப் புற்றையும் நிராகரித்தது.

படிக்கும்போது மயிர்க்கூச்செறியும் இடம் இது. மருந்து இருக்கும் வரை புற்று வளர்கிறது, மருந்தை எடுத்தால் அழிகிறது. ஆனால் அந்த நோயாளிக்கு ஒரு வசதி இருந்தது: சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் உண்டு. கல்லீரல் போனால் அப்படி எதுவும் இல்லை. ஆகவே மருந்தை நிறுத்திப் பார்ப்போம் என்று கல்லீரல் மருத்துவர் எளிதில் சொல்லிவிட முடியாது.

மருந்துகள் காவலைத் தளர்த்துவதோடு நிற்பதில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. 1978-ல் கேம்பிரிட்ஜின் ராய் கேன் மனிதருக்குக் கொடுக்கத் தொடங்கிய சைக்ளோஸ்போரின், மாற்று அறுவையின் வரலாற்றையே திருப்பிப்போட்ட மருந்து. அது இல்லையென்றால் லட்சக்கணக்கானோர் இன்று இல்லை. 1999-ல் நியூயார்க்கில் மாணிக்கம் சுதந்திரனின் ஆய்வுக்குழு நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. நோயெதிர்ப்பே இல்லாத எலிகளிலும் சைக்ளோஸ்போரின் புற்றைப் பரவச்செய்தது. அடக்குவதற்கு எதுவும் இல்லாத உடலில் மருந்து எதை அடக்கியது? எதையும் இல்லை. புற்றுச் செல்லையே நேரடியாகத் தூண்டி, இடம்பெயர்ந்து ஊடுருவும் குணத்தைக் கொடுத்திருந்தது.

ஆகவே, உறுப்பையும் காத்துப் புற்றையும் தடுக்கும் மருந்து கிடைக்காதா என்று தேடினார்கள். ஈஸ்டர் தீவின் மண்ணில் இருந்த நுண்ணுயிரியிலிருந்து சுரேந்திர சேகல் என்ற விஞ்ஞானி 1970-களில் மான்ட்ரியாலில் பிரித்தெடுத்த ராபமைசின் அப்படிப்பட்டதாகத் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் அது இரண்டு வேலையும் செய்தது. கல்லீரல் புற்றுக்காக மாற்று அறுவை செய்துகொண்ட 525 பேரிடம் ஐரோப்பாவிலும் வேறு சில நாடுகளிலும் சோதித்து 2016-ல் முடிவை எழுதினார்கள். முதல் சில ஆண்டுகளில், அதுவும் ஆபத்து குறைந்தவர்களிடம், பலன் தெரிந்தது. ஐந்தாண்டுகளைத் தாண்டிப் பார்த்தபோது வேறுபாடு கரைந்துவிட்டிருந்தது.

மருந்தால் முடியாதென்றால் செல்லைக் கொண்டு செய்யலாமா?

இங்கே காவலர்களை வகை பிரித்துப் பார்க்க வேண்டும். மாற்று உறுப்பை முதன்மையாகத் தாக்குவது டி செல்கள். நம் மருந்துகள் பெரும்பாலும் அவற்றைத்தான் குறிவைக்கின்றன. நமக்குள் வேறொரு கூட்டமும் இருக்கிறது. 1975-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங், ஈவா க்ளைன், ஹான்ஸ் விக்செல் ஆகியோரும், ஏறத்தாழ அதே நேரத்தில் அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனும் கண்ட செல்கள் அவை. முன்பயிற்சி எதுவும் இல்லாமலே புற்றுச் செல்லைக் கொன்றதால் இயற்கைக் கொல்லிகள் என்று பெயர் வைத்தார்கள். மருத்துவமனை வழக்கில் என்.கே. செல்.

எதை வைத்து எதிரியை அடையாளம் காண்கின்றன? ஸ்வீடன்காரரான க்ளாஸ் கேரே 1980-களில் சொன்ன விடை அழகானது. நம் செல்களில் ஏறத்தாழ ஒவ்வொன்றும் தன் மேற்பரப்பில் ஹெச்.எல்.ஏ. என்ற அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறது. டி செல், அட்டையில் தப்பாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறது. தந்திரமான புற்றுச் செல் அட்டையையே கழற்றி வைத்துவிடும். டி செல்லுக்கு வாசிக்க ஒன்றும் கிடைக்காது. என்.கே. செல்லோ அட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இல்லையென்றால் அடிக்கிறது. ஒரு காவலரை ஏமாற்றும் அதே செயல் இன்னொருவரிடம் மாட்டிவிடுகிறது.

இவை உடலெங்கும் ஒரே அளவில் இல்லை என்பதுதான் நம் கதைக்கு முக்கியம். ரத்தத்தில் ஓடும் லிம்போசைட் அணுக்களில் சுமார் பத்தில் ஒன்றுதான் என்.கே. செல். கல்லீரலில் நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை. குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் உடலுக்குள் போகுமுன் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும். உணவோடு நுண்ணுயிர்த் துணுக்குகளும் வந்துசேரும் அந்தச் சோதனைச்சாவடியில் காவல் கூட்டம் அதிகமாக இருப்பதில் வியப்பில்லை.

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிடேகி ஓடான் என்ற மாற்று அறுவை மருத்துவரின் குழு, ரத்தத்தின் என்.கே. செல்லையும் கல்லீரலின் என்.கே. செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 2006-ல் எழுதியது. எண்ணிக்கை மட்டுமல்ல, குணமும் வேறு. இன்டர்லூகின்-2 என்ற ஊக்கப் புரதத்தில் ஊறவைத்தால் கல்லீரலின் என்.கே. செல்கள் டிரெயில் என்ற மூலக்கூறை மேற்பரப்பில் நிறைய முளைக்கவிடுகின்றன. டிரெயில் தொட்ட புற்றுச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளத் தொடங்கும். இயல்பான செல்களைப் பெரும்பாலும் விட்டுவிடும். ரத்தத்திலிருந்து எடுத்த என்.கே. செல்களுக்கு அந்த வீரியம் இல்லை.

சரி, கல்லீரலின் என்.கே. செல்களை எங்கே போய் எடுப்பது? இந்த இடத்தில்தான் ஓடான் குழுவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை வருகிறது. கொடையாளரிடமிருந்து கல்லீரலை எடுத்ததும் அதன் பெருங்குழாய் வழியாகக் குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்திக் கழுவுவார்கள். உள்ளே தேங்கிய ரத்தம் உறையக் கூடாது, உறுப்பு குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. மறுபுறம் வடியும் நீர் வெளிறிப்போகும் வரை கழுவுவார்கள். அந்த நீரை எல்லா நாடுகளிலும் கொட்டிவிடுவது வழக்கம். கல்லீரலின் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டியிருந்த லிம்போசைட்டுகள் அந்த நீரோடு கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான அறுவைகளில், புற்றை அழிக்கத் தெரிந்த செல்களைச் சாக்கடையில் ஊற்றியிருக்கிறோம்.

ஹிரோஷிமாவில் அந்த நீரைப் பிடித்துவைத்தார்கள்.

அங்கே கொடையாளர்கள் பெரும்பாலும் உயிரோடிருக்கும் உறவினர்கள். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பெடுக்கும் சட்டம் ஜப்பானில் 1997-ல்தான் வந்தது. அதன் பிறகும் அப்படிக் கிடைக்கும் உறுப்புகள் மிகக் குறைவு. ஆகவே மகன் தந்தைக்கோ மனைவி கணவனுக்கோ தன் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுப்பார். கொடுத்த பகுதியைக் கழுவிய நீரிலிருந்து பிரித்த செல்களை மூன்று நாட்கள் இன்டர்லூகின்-2-ல் வளர்த்து, மூன்றாம் நாள் நோயாளியின் ரத்தநாளம் வழியாக ஏற்றினார்கள். அறுவையின்போது கல்லீரலைப் பிடித்து அசைத்து எடுக்கையில் புற்றுச் செல்கள் ரத்தத்தில் உதிர்ந்திருக்கலாம். அவை எங்காவது வேரூன்றுவதற்கு முன் வேட்டைக்காரர்கள் போய்ச்சேர வேண்டும். நாளும் பொழுதும் முக்கியம்.

பெரிய ஆபத்தும் ஒன்று இருந்தது. கழுவிய நீரில் என்.கே. செல்கள் மட்டும் இல்லை. கொடையாளரின் டி செல்களும் உண்டு. அவை நோயாளியின் உடலுக்குள் போனால், புதிய வீட்டையே எதிரியாகப் பார்த்துத் தோலையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். கல்லீரல் மாற்றில் அபூர்வமாக வரும் சிக்கல் இது. வந்தால் பெரும்பாலும் உயிரை வாங்கிவிடும். ஆகவே வளர்ப்பின் கடைசி நாளில் ஓ.கே.டி.3 என்ற ஆன்டிபாடியைச் சேர்த்தார்கள். டி செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை ஒழியவைப்பது அதன் வேலை. மனிதருக்குத் தர அமெரிக்கா 1986-ல் அனுமதித்த முதல் ஒற்றைவகை ஆன்டிபாடி அதுதான். அன்று அனுமதித்தது சிறுநீரக நிராகரிப்பை அடக்க. உறுப்பைக் காக்க வந்த பழைய மருந்து இங்கே செல்களைச் சலித்தெடுக்கும் சல்லடையானது.

எதிர்பாராத நன்மையும் கிடைத்தது. அன்றைய ஜப்பானில் கல்லீரல் புற்றுக்கு முதன்மையான காரணம் ஹெபடைடிஸ் சி வைரஸ். கல்லீரலை மாற்றினாலும் ரத்தத்தில் இருந்த வைரஸ் புதிய கல்லீரலுக்குள் புகுந்துவிடும். இந்தச் செல்களை ஏற்றியபோது வைரஸும் அடங்கியதை அவர்கள் 2009-ல் எழுதினார்கள். இன்று மாத்திரைகளாலேயே அந்த வைரஸை ஒழித்துவிட முடிகிறது என்பதால் அந்தப் பயனுக்கு இப்போது முன்போல் அவசரம் இல்லை.

அடுத்த கட்டம் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் நடந்தது. செய்கோ நிஷிதா என்ற அறுவை மருத்துவரும் ஹிரோஷிமா குழுவும் சேர்ந்து, இறந்தவர்களின் கல்லீரலில் இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். உயிருள்ள கொடையாளர் என்றால் தேதி குறித்து அறுவை செய்யலாம். இறந்தவரின் உறுப்பு எந்த நள்ளிரவில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் செல் ஆய்வுக்கூடம் விழித்துக்கொள்ள வேண்டும். 18 பேருக்கு, அறுவை முடிந்து மூன்று நான்கு நாட்களில் செல்களை ஏற்றினார்கள். கடுமையான பக்கவிளைவு இல்லை, உடனடி நிராகரிப்பும் இல்லை. அவர்களில் ஒருவருக்கு இருந்தது கல்லீரல் செல் புற்றே அல்ல, வேறு வகைக் கட்டி என்று பின்னால் தெரிந்ததால் கணக்கிலிருந்து விலக்கினார்கள். மிச்சம் 17. எடுத்த கல்லீரலை வெட்டிப் பார்த்தபோது அவர்களில் 9 பேரின் புற்று மிலன் அளவுகோலைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. அதாவது புற்று திரும்புவதற்கு அதிக வாய்ப்பு உள்ளவர்கள். கண்காணிப்புக் காலத்தின் நடுமதிப்பு 96 மாதங்கள், எட்டு ஆண்டுகள். புற்று திரும்பியவர் ஒருவரும் இல்லை.

இந்த எண்ணைப் படித்தபோது நான் திரும்ப ஒருமுறை படித்தேன். ஒருவரும் இல்லை.

இருந்தாலும் இதை நிரூபணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, சொல்லவும் கூடாது. 17 பேர், ஒரே மருத்துவமனை, செல் ஏற்றாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. பாதுகாப்பையும் நடைமுறை சாத்தியத்தையும் பார்ப்பதற்காக வகுத்த ஆய்வு அது. செல் இல்லாமலேயே இவர்களில் பலர் நலமாக இருந்திருக்கலாம். குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, சில நூறு பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால்தான் உண்மை தெரியும். வீட்டில் ஒருவர் கல்லீரல் மாற்றுக்குக் காத்திருக்கும்போது இணையத்தில் யாரோ விற்கும் ‘நோயெதிர்ப்பு செல் சிகிச்சை’ என்ற சொல்லைக் கண்டு கடன் வாங்கப் போகிறவர்களை நினைத்தே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆய்வாகப் பதிவான சிகிச்சை வேறு, அந்தப் பெயரில் விற்பது வேறு. நிராகரிப்புத் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்பவருக்கு எந்தச் செல்லை ஏற்றுவதும் விளையாட்டல்ல.

கல்லீரல் புற்றில் செல் சிகிச்சைக்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. கட்டியை மட்டும் வெட்டியெடுத்த 150 பேரிடம் தோக்கியோவில் தகயாமா குழு செய்த ஆய்வு 2000-ல் லான்செட் இதழில் வந்தது. இது குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு. நோயாளியின் சொந்த லிம்போசைட்டுகளை ஊக்கித் திரும்ப ஏற்றியபோது நூற்றுக்கு 59 பேருக்குப் புற்று திரும்பியது; ஏற்றாதவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு. ஆயுள் கணக்கில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவர்களுக்கு மாற்று உறுப்பும் இல்லை, அடக்கி மருந்தும் இல்லை. அவர்களின் டி செல்களை அச்சமில்லாமல் அவிழ்த்துவிடலாம்.

மாற்று உறுப்பு உள்ளவரிடம் அப்படி அவிழ்த்துவிட்டால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இன்று பல புற்றுகளில் அற்புதம் செய்யும் தடை நீக்கி மருந்துகள் டி செல்லின் பிரேக்கை எடுத்துவிடுகின்றன. மாற்று உறுப்பு பெற்றவர்களுக்கு அவற்றைக் கொடுத்தபோது ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பேருக்கு உறுப்பு நிராகரிப்பு வந்ததாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. எல்லா டி செல்லும் ஒன்றாக விழித்தால் அவற்றின் கண்ணுக்குப் புற்றும் புதிய கல்லீரலும் ஒன்றாகவே தெரியும்.

ஒரே ஒரு இலக்கை மட்டும் தெரிந்த டி செல் இருந்தால்? சிங்கப்பூரில் இத்தாலிய விஞ்ஞானி அந்தோனியோ பெர்ட்டோலெட்டியின் குழு கேட்ட கேள்வி இது. ஹெபடைடிஸ் பி-யால் வந்த கல்லீரல் புற்றில் வைரஸின் மரபுத் துண்டுகள் புற்றுச் செல்லின் மரபணுவுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கல்லீரலை மாற்றிய பிறகு நுரையீரலில் புற்று திரும்பினால், அந்தச் செல்லும் வைரஸ் துண்டைத் தன் அடையாள அட்டையில் வைத்துக் காட்டும். அந்த அட்டை நோயாளியுடையது. புதிய கல்லீரல் காட்டும் அட்டையோ கொடையாளருடையது. நோயாளியின் அட்டையில் வைரஸ் துண்டு தெரிந்தால் மட்டும் தாக்கு என்று ஒரு டி செல்லுக்குக் கற்பித்துவிட்டால், இரண்டு அட்டைகளும் வேறு வகையாக இருக்கும் வரை, அது நுரையீரல் கட்டியைத் தாக்கும், கல்லீரலைத் தொடாது. நிராகரிப்புக்குக் காரணமான அதே அட்டை வேறுபாட்டை இவர்கள் இங்கே கேடயமாக்கிவிட்டார்கள்.

2019-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இரண்டு நோயாளிகள் இருந்தார்கள். இருவருக்கும் மாற்று அறுவைக்குப் பின் புற்று திரும்பியிருந்தது. அவர்களில் ஒருவருக்கு ஓராண்டு சிகிச்சையில் நுரையீரலில் இருந்த ஆறு கட்டிகளில் ஐந்து சிறுத்தன. அடுத்த சில ஆண்டுகளில் அந்தச் செல்களுக்கு இன்னொரு குணத்தையும் சேர்த்தார்கள்: உறுப்பைக் காக்க நோயாளி நாள்தோறும் விழுங்கும் அடக்கி மருந்துகள் ரத்தத்தில் இருந்தாலும் இந்தச் செல்கள் சோர்ந்துபோகாது.

செல்லின் மரபணுவை நிரந்தரமாக மாற்றாமல் ஆர்.என்.ஏ. செய்தியாக மட்டும் அவர்கள் அந்தக் கட்டளையை உள்ளே செலுத்துகிறார்கள். சில நாட்களில் செய்தி சிதைந்துவிடும். செல் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏதாவது தவறிப்போனாலும் தானாக அணைந்துவிட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்தது. அதனால் நோயாளி அடுத்த ஊசிக்கு மறுபடி வர வேண்டியிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அவருடைய ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் உறைநிலையில் காத்திருக்கின்றன.